டிஸ்க் போல்ட் கழல மாட்டேங்குதா? பலத்தை காட்டாதீங்க, சூடு காட்டுங்க

சேலத்துல டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். கொஞ்ச நாளா ஒரே மாதிரி கேஸா வருது, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். வீட்லயே பிரேக் டிஸ்க் மாத்திக்கறேன், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) மாத்திக்கறேன்னு ஆரம்பிக்கறாங்க, ரெண்டு மூணு போல்ட் எப்படியோ வந்துருது, அடுத்ததுல எலன்கீ (போல்ட் தலைக் குழியில விட்டு திருப்பற ஆறுமுக சாவி) வழுக்கி தலை ரவுண்டாயிடுது, அப்புறம் உளி, சுத்தி, பக்கத்து வீட்டு அண்ணன் கொண்டு வந்த பைப்பு, கடைசியில வீலை மட்டும் கழட்டி ஆட்டோல போட்டுட்டு நம்ம கடைக்கு வந்து நிக்கறாங்க. சொந்த வண்டிய சொந்தமா பாக்கறது நல்ல விஷயம்ங்க, நான் வேணாம்னு சொல்லவே மாட்டேன். ஆனா அந்த போல்ட் ஏன் வரலைன்னு தெரிஞ்சுக்காம கை வைக்காதீங்க.

ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு துரு. ஏற்காட்டுல எஸ்டேட் பக்கம் ஓடுற வண்டிங்கள்ல இது ரொம்ப சகஜம், பனியிலயும் மழையிலயும் நின்னு நின்னு இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கும், ஓரத்துல வெள்ளையா பவுடர் மாதிரி தெரியும். இதுக்கு பெனட்ரேட்டிங் ஆயில், அதாவது இடுக்குல எறங்கி துருவை இளக்கற ஸ்ப்ரே, அடிச்சு ஒரு ராத்திரி விட்டு, காலையில முதல்ல லேசா டைட் பண்ற பக்கம் அசைச்சுட்டு அப்புறம் லூஸ் பண்ணா பெரும்பாலும் வந்துரும்.

இன்னொண்ணு த்ரெட்லாக்கர். கம்பெனியிலயே மரையில போட்டு அனுப்பற பசை இது. காத்து இல்லாத இடத்துல, உலோகத்தோட ஒட்டி இருக்கும்போது மட்டும்தான் இறுகும், அதனாலதான் பாட்டில்ல தண்ணியா இருக்கறது மரைக்குள்ள போனதும் கெட்டி பிளாஸ்டிக் ஆயிடுது. இறுகிப் போன லாக்கை பெனட்ரேட்டிங் ஆயில் ஒண்ணும் பண்ணாது, எத்தனை தடவை அடிச்சாலும் அதேதான். இதுக்கு வேண்டியது சூடு.

லாக்டைட்ங்கற பிராண்டு த்ரெட்லாக்கர்ல 243 ப்ளூ, இது நடுத்தரம், சரியான டூல் இருந்தா சூடு இல்லாமலேயே வரும், கொஞ்சம் காட்டினா இன்னும் சுலபம். 271 ரெட்டு அப்படி இல்ல, 250 டிகிரி கிட்ட போனாத்தான் இளகும், அதுவும் சூடா இருக்கும்போதே திருப்பணும், ஆறிட்டா திரும்ப புடிச்சுக்கும். இங்கதான் முக்காவாசி பேர் கோட்டை விடறாங்க, சூடு பண்ணிட்டு ஸ்பேனர் தேட போயிடறாங்க.

சூடு எங்க காட்டறோங்கறது ரொம்ப முக்கியம். கேஸ் டார்ச் எடுத்து அலாய் வீல் மேல காட்டறவங்கள பாத்தா எனக்கு பகீர்னு இருக்கும். அந்த அலுமினியம் கம்பெனியில ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணி பலம் ஏத்துனது, ரொம்ப நேரம் அதிக சூடு பட்டா அந்த பலம் போயிடும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. பேரிங் க்ரீஸ் உருகும், ஆயில் சீல் கருகும், ஏபிஎஸ் வண்டின்னா சென்சார் வயர் போச்சு. வீட்ல செய்யறவங்களுக்கு நான் சொல்றது சால்டரிங் அயர்ன்தான், 60 வாட்டுக்கு குறையாம, நல்ல தடிமனான முனை உள்ளதா பாத்துக்குங்க, அந்த முனையை போல்ட் தலைக் குழிக்குள்ள வச்சு சில நிமிஷம் புடிச்சா சூடு நேரா போல்ட்டுக்குள்ள எறங்கும், வீல் அவ்வளவா சூடாகாது. ஹீட் கன் இருந்தா அதுவும் சரி, சுத்தி இருக்கற ரப்பர், வயர் எல்லாத்தையும் ஈரத்துணியால மூடிட்டு தலை மேல மட்டும் காட்டுங்க.

இப்ப சொல்றத கவனமா படிங்க. முதல்ல ஸ்ப்ரே அடிச்சு பாத்துட்டு, வரலைன்னா அதே எடத்துல சூடு காட்டறது பெரிய ஆபத்து. அந்த ஸ்ப்ரே பத்திக்கும். சில பிரேக் க்ளீனர்ல குளோரின் சேர்ந்த கெமிக்கல் இருக்கும், அது அதிக சூட்டுல பாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயுவா மாறும், கொஞ்சம் சுவாசிச்சாலே நுரையீரலுக்கு ஆபத்து. பெட்ரோல் லீக் இருக்கற வண்டி பக்கத்துல, மூடுன போர்ட்டிகோவுல இந்த வேலையே வேண்டாம்.

சூடு காட்டறதுக்கு முன்னாடி தலைக் குழிய சுத்தம் பண்ணுங்க. நம்ம ஊரு மண்ணு தண்ணியோட சேந்து குழிக்குள்ள சிமெண்டு மாதிரி கெட்டியாகி இருக்கும், எலன்கீ பாதிதான் எறங்கும், அப்படி திருப்பினா வழுக்காம என்ன பண்ணும்? கூர்மையான கம்பியால நோண்டி எடுங்க. எல் ஷேப் எலன்கீ வேணாம், சாக்கெட்ல மாட்ற பிட்டா வாங்குங்க. பிட்டை குழியில நேரா நிறுத்தி தலையில சுத்தியால நச்சுன்னு ரெண்டு அடி, அந்த அதிர்ச்சியிலயே பாதி லாக் விட்டுக்கொடுக்கும். அப்புறம் சூடு, உடனே நீளமான கைப்பிடியில நிதானமா இழுங்க. கிரீச்சுனு சத்தம் வந்து போல்ட் கனமாவே சுத்தும், பயப்படாதீங்க, மரையில இருக்கற பசை அரையற சத்தம் அது. நடுவுல இறுகினா திரும்ப சூடு பண்ணுங்க. ஃப்ரன்ட் ஸ்ப்ராக்கெட்னா செயினை கழட்டறதுக்கு முன்னாடியே பின் பிரேக்கை ஒருத்தர் மிதிச்சுக்க அந்த போல்ட்டை லூஸ் பண்ணிடுங்க.

பிட் ஒரு தடவை வழுக்கிச்சுன்னா அங்கேயே நிறுத்துங்க. அடுத்த சைஸ் டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர வடிவ முனை உள்ளது) அடிச்சு எறக்கி பாக்கலாம். அதுவும் வரலைன்னா லேத்து பட்டறைக்கு கொண்டு போயிடுங்க, தலைய மட்டும் ட்ரில் பண்ணி எடுத்துட்டா டிஸ்க் வெளிய வந்துரும், மிச்சம் நிக்கற தண்டுல இழுவை இருக்காது, சூடு காட்டி வைஸ் கிரிப்ல (இறுக்கிப் பூட்டிக்கற குறடு) புடிச்சு திருப்பிடலாம். வீலும் தப்பிச்சுரும்.

கழட்டறதை விட திரும்ப மாட்டறதுல நடக்கற தப்புதான் எனக்கு பெரிய கவலை. சமீபத்துல ஒரு தம்பி வண்டி வந்துச்சு, ஏற்காட்டுல இருந்து எறங்கும்போது முன்னாடி கடகடன்னு சத்தம்னாரு. பாத்தா டிஸ்க்ல ஒரு போல்ட் காணோம், இன்னொண்ணு விரலால சுத்துது, அதை எடுத்து பாத்தேன், மரை பளபளன்னு இருக்கு, ஒரு சொட்டு லாக் போட்ட அடையாளம் இல்ல. வேற எங்கயோ டிஸ்க் மாத்தியிருக்காங்க, கழட்ட கஷ்டமா இருந்துச்சுன்னு போடாமலே விட்டுட்டாங்களாம். 20 கொண்டை ஊசி வளைவு எறங்கறப்ப ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்த போல்ட்ங்க மேல சூடும் இழுவையும் மாறி மாறி விழும், லாக் இல்லாத போல்ட் எத்தனை நாளைக்குத் தாங்கும் சொல்லுங்க.

அதனால புது போல்ட் வாங்குங்க, நெறைய கம்பெனி சர்வீஸ் மேனுவல்லயே டிஸ்க் போல்ட்டை திரும்ப போடாதேன்னு இருக்கு. ஹார்ட்வேர் கடையில பளபளன்னு இருக்கற ஸ்டெயின்லெஸ் போல்ட் வேண்டவே வேண்டாம், தலையில ஏ2-70ன்னு பலக் குறியீடு இருக்கும், 10.9ன்னு குறியீடு உள்ள உறுதியான இரும்பு போல்ட்டோட பலம் அதுக்கு கிடையாது. வீல் பக்க மரையில இருக்கற பழைய பசையை சுத்தம் பண்ணி, எண்ணெய் இல்லாம காயவச்சு, லாக் ஏற்கனவே தடவி வராத போல்ட்னா ப்ளூ ஒண்ணு ரெண்டு சொட்டு போதும், பாட்டிலையே கவுக்காதீங்க. குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) மேனுவல் சொல்ற அளவுக்கு டைட் பண்ணுங்க. முழுசா இறுக 24 மணி நேரம் விடுங்க, ஏற்காட்டு மார்கழி குளிர்ல இன்னும் கொஞ்சம் கூட ஆகும். போல்ட் தலையிலயும் டிஸ்க்லயும் சேத்து பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சுட்டா, அடுத்த தடவை மலை ஏறி எறங்கினதும் குனிஞ்சு பாத்தாலே போதும், கோடு விலகி இருந்தா வண்டிய அங்கேயே நிறுத்திட்டு மெக்கானிக்குக்கு போன் பண்ணுங்க.