தண்ணீர்ச் சோதனை முடிவைக் கேட்கக் கற்றுக்கொடுப்போம்

மார்ச் மாதம் உலகத் தண்ணீர் தினம் வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும். சொட்டும் குழாய், வெடித்த நிலம், அழுகிற பூமி உருண்டை. பிள்ளைகள் அருமையாக வரைகிறார்கள். ஆனால் அந்தச் சார்ட் அட்டைகள் எல்லாவற்றிலும் சேதி ஒன்றுதான்: தண்ணீரை வீணாக்காதே, குழாயை மூடு. சுத்தமான தண்ணீர் உனக்குச் சேரவேண்டியது, அதைத் தரும் பொறுப்பு இன்னாருடையது, சரியில்லை என்றால் அவரிடம் கேட்கலாம் என்று எழுதிய அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் வேதியியலாளர். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களின் தண்ணீர்தான் என் மேசைக்கு அதிகம் வருகிறது. பள்ளிகளிலும் மகளிர் குழுக்களிலும் வகுப்பெடுக்கவும் போவதுண்டு. சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடமையை மட்டும் சொல்லி உரிமையைச் சொல்லாமல் விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

உரிமை ஏற்கெனவே இருக்கிறது. மாசில்லாத நீரும் காற்றும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 1991இல், சுபாஷ் குமார் வழக்கில் சொன்னது. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. இவற்றைவிட நம் ஊருக்கு நெருக்கமானது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். பாதுகாக்கப்பட்ட குடிநீர் வழங்குவதை அதன் 110ஆம் பிரிவு ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. தண்ணீர் விடுவது யாரும் செய்யும் உபகாரம் இல்லை.

தண்ணீர் உரிமை இந்த நாட்டில் சும்மா வந்ததும் இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய், தலித் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போய், குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். வகுப்பில் இந்த இரண்டையும் சொல்லாமல் தண்ணீர் பாடத்தை என்னால் முடிக்க முடிவதில்லை.

சரி, எங்கள் பக்கத்துப் பிரச்சினைக்கு வருகிறேன். தருமபுரிப் பாறைகளில் ஃபுளோரைடு உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருடக்கணக்கில் பாறை இடுக்கில் நின்று அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். நிறம், மணம், ருசி எதிலும் வித்தியாசம் தெரியாது. தெரிவது பிள்ளைகளின் பல்லில்தான். சுமார் எட்டு வயதுக்குள், நிலைத்த பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் எனாமல் கெட்டுவிடுகிறது. பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் அந்தப் பழுப்புக் கறை போகாது. ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று அந்தப் பிள்ளைகளைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொல்லும் பெண் குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். பல வருடம் தொடர்ந்து குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் ஏறி, பெரியவர்களுக்கு முதுகும் கழுத்தும் விறைத்துப்போகும்.

மகளிர் குழுக் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: “ஏன் சார், காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடாதா?” போகாது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு அப்படியே இருக்கும், தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் கொஞ்சம் கூடவும் செய்யும். உரச் சத்தும் சாக்கடையும் இறங்கிய கிணற்று நைட்ரேட்டுக்கும் இதே கதைதான். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் ஆபத்து குறையாது. ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்பது கிருமிக்கு மட்டும் பொருந்தும் அறிவுரை. எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், வேலையும் கேஸ் செலவும் வீட்டுப் பெண்கள் தலையில் விழும். ஊராட்சியிடம் யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கப்பட்டது. காவிரித் தண்ணீர் வந்தது பெரிய விஷயம். ஆனால் வரத்து போதாத ஊர்களில் அதே தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். ‘எங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் குடிப்பது எந்த அளவில் கலந்தது என்பது சோதித்தால்தான் தெரியும். மழைநீரில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூரைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைக்கும் வீடுகளுக்கு, குடிப்பதற்கும் சமைப்பதற்குமாவது நல்ல வழி அது.

மக்களுக்குத் தெரியாத இடத்தில் வியாபாரம் புகுந்துகொள்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தை விற்க வருகிறவர் இரண்டு டம்ளரில் மின்கம்பி பொருத்திய ஒரு கருவியை இறக்குவார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய தண்ணீர். ஒரு நிமிடத்தில் உங்கள் டம்ளர் செம்பழுப்பாகக் கலங்கி நுரைக்கும். அவருடையது தெளிவாகவே நிற்கும். பார்க்கிறவர்கள் மிரண்டுபோவார்கள். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கருவியில் இருக்கும் இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது, அவ்வளவுதான். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பு நீக்கிய தண்ணீரில் அநேகமாகப் பாயாது. வகுப்பில் இதே கருவியை வைத்து, ஆர்.ஓ. தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போடச் சொல்கிறேன். அதுவும் கலங்கும். பிள்ளைகள் அன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறார்கள். டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான். கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் அது காட்டும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி உண்டா என்று அதற்குத் தெரியாது. ஃபுளோரைடு மிகுந்த ஊரில் ஆர்.ஓ. பயன்படும் என்பது உண்மை. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், மிரண்டு வாங்கக் கூடாது.

பள்ளியில் நான் அதிகம் நம்புவது எச்.டு.எஸ். (ஹைட்ரஜன் சல்ஃபைடு) குப்பிச் சோதனையை. தண்ணீரைக் கோடு வரை ஊற்றி மூடி, சாதாரண அறை வெப்பத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் போதும். மலக் கழிவு கலந்திருந்தால் பெரும்பாலும் கறுத்துவிடும். வேறு சில பாக்டீரியாவும் கறுக்க வைக்கும் என்பதால் ஆய்வகத்தில் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். குப்பி கறுத்தவுடன் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தோடு வகுப்பை முடித்து அனுப்புவது தவறு. ஏன் கறுத்தது என்று தேட அவர்களோடு தெருவில் நடக்க வேண்டும். எங்கள் ஊர்களில் அழுத்தம் குறைந்த குழாய்க்குப் பக்கத்தில் குழி தோண்டி, குடத்தைக் குழிக்குள் வைத்துப் பிடிப்பார்கள். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் உறிஞ்சல் உண்டாகி, குழியில் தேங்கிய சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். மோட்டார் வைத்து இழுக்கும் தெருவிலும் இதுதான் நடக்கும். காரணத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு யாரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துவிடுகிறது.

இதைச் செய்யச் சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். ஊராட்சிக்காரர்கள் கோபிப்பார்களோ என்ற பயம். அது வீண்பயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீடுதோறும் குடிநீர்க் குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்திலேயே கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தரவேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பெண்களைப் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகள் முன்னால் சோதிக்கச் சொன்னால், பள்ளி யார்மீதும் குறைசொன்னதாக ஆகாது.

அப்புறம் கேட்கும் முறை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘நல்ல தண்ணீர் வேண்டும்’ என்று மனு கொடுத்தால் ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வரும். அதனால் மனுவை இப்படி எழுதுங்கள்: “எங்கள் தெருவுக்கு வரும் குடிநீர் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதி, மாதிரி எடுத்த இடம், ஃபுளோரைடு, நைட்ரேட், ஈ.கோலி முடிவுகள், தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத் தகவல் பலகையில் ஒட்ட வேண்டும்.” பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு இதையே கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும்.

முடிவு கைக்கு வந்ததும் முதலில் ‘மாதிரி எடுத்த இடம்’ என்ற வரியைப் பாருங்கள். வழியில் குழாய்க்குள் சாக்கடை கலந்திருந்தாலும் தொட்டியடியில் எடுத்த மாதிரியில் அது தெரியாது. தெருவின் கடைசிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். கிருமியைக் கொல்லத் தொட்டியில் கலக்கும் குளோரின், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும்.