வயிற்றுவலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் அதைக் காஸ்ட்ரைட்டிஸ் என்று விட்டுவிடாதீர்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து தாயொருவர் தம் மகனை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். 24 வயது, புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் வேலை. கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னேன். அவனால் முடியவில்லை. முழங்கால்களை மார்போடு அணைத்துச் சுருண்டுகொண்டான்.

"நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை டொக்டர், காஸ்ட்ரைட்டிஸ்தான்" என்றார் தாய். அவருடைய கைப்பையில் பாதி தீர்ந்த ஒமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை அட்டையும் டைக்குளோபெனக் என்ற வலிநிவாரணி அட்டையும் இருந்தன. மூன்று நாட்களாக இவைதான் வைத்தியம். அவன் நெற்றியோ கொதித்தது: 103 பாகை பரனைட்.

நாம் வழக்கமாகக் காஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லும் வயிற்றெரிச்சலுக்குக் காய்ச்சல் வராது. அதுதான் என் மனத்தை உறுத்தியது. கொழும்பில் காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி மூன்றும் சேர்ந்தால் முதலில் டெங்குவைத் தேட வேண்டும், தேடினோம். டெங்குவில் குறையும் குருதிச் சிறுதட்டுகள் குறையவில்லை. கிருமித்தொற்றில் கூடும் வெண்குழியங்கள் மட்டும் மிக அதிகமாக ஏறியிருந்தன. சீ.ரி. ஸ்கேனில், சில மில்லிமீற்றர் தடிப்பே இருக்க வேண்டிய இரைப்பைச் சுவர் வீங்கித் தடித்துக் கிடந்தது.

இரைப்பையின் சுவருக்குள்ளேயே சீழ் பிடிக்கும் அரிய நோய் இது. பிளெக்மொனஸ் காஸ்ட்ரைட்டிஸ் என்போம். பெயரில்தான் வயிற்றெரிச்சலோடு உறவு. இரைப்பையின் அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். தப்பிய கிருமி இரைப்பையின் உட்படலமான சீதமென்சவ்வுக்கு அடியில் புகுந்துவிட்டால் விரைவாகப் பரவும். தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியே பெரும்பாலும் காரணம். மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஆனால் எந்த நோயும் இல்லாத இளைஞர்களையும் இது பிடித்திருக்கிறது, இவனும் அப்படித்தான். சுவரின் அடியடுக்கில் சீழ் இருப்பதால், எண்டோஸ்கோப்பியில் மேலாக எடுக்கும் சதைத்துணுக்கில் கிருமி அகப்படாமலும் போகலாம்.

அன்றிரவே நாளத்தின் வழியாக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தொடங்கினோம். சத்திரசிகிச்சைக் குழுவும் ஆயத்தமாக இருந்தது. தாமதமாக வருபவர்களில் சிலருக்கு இரைப்பையை அகற்ற நேரிடும், உயிரிழந்தவர்களும் பலர்.

டைக்குளோபெனக் வலியையும் காய்ச்சலையும் மறைத்துவிடும். டெங்குவாக இருந்தால் குருதிப்பெருக்கையும் கூட்டும். வைத்தியரைக் கேட்காமல் அதை வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மேல்வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், நிற்காத வாந்தி என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

ஐந்தாம் நாள் காலை நான் போனபோது அவன் கால்களை நீட்டி மல்லாந்து படுத்திருந்தான். கஞ்சி கொடுக்கலாமா என்று தாய் கேட்டார்.