ஸ்கீமேட்டிக்கில் இல்லாத மின்தேக்கிகள்

சிப்பின் சுற்று வரைபடமான ஸ்கீமேட்டிக்கில் இரண்டு டிரான்சிஸ்டர்களை இணைக்கும் கோடு வெறும் கோடுதான். நீளம், அகலம் எதுவும் கிடையாது. ஒரு முனையில் வைத்த மின்னழுத்தம் அதே கணத்தில் மறுமுனையில் இருக்கும். சிப்பில் பதியப்போகும் வடிவத்தையே வரையும் லேஅவுட்டில் அது உலோகப் பட்டை ஆகிவிடுகிறது. பட்டைக்கு மின்தடை உண்டு. அடியிலுள்ள சிலிக்கானோடும் பக்கத்துப் பட்டையோடும் சேர்ந்து மின்தேக்கியாகவும் நடந்துகொள்ளும். கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்வதால் இவற்றுக்கு ஒட்டுண்ணி, பாரசிட்டிக் என்று பெயர்.

ஒரு கணக்குப் போடுவோம். பட்டையின் அகலம் 0.2 மைக்ரான், நீளம் 100 மைக்ரான். அதில் 0.2 மைக்ரான் பக்கமுள்ள 500 சதுரங்கள் அடங்கும். சதுரத்துக்கு 0.1 ஓம் என்று வைத்தால் 50 ஓம். மின்தேக்கம் மைக்ரானுக்கு 0.2 ஃபெம்டோஃபேரட் என்றால் மொத்தம் 20 ஃபெம்டோஃபேரட். இரண்டையும் பெருக்கினால் தாமதம் சுமாராகத் தெரியும்: 1 பிகோ நொடி; கண்டுகொள்ள வேண்டாம். சரி, அதையே 1 மில்லிமீட்டருக்கு இழுத்தால்? மின்தடையும் 10 மடங்கு, மின்தேக்கமும் 10 மடங்கு. பெருக்கினால் 100 பிகோ நொடி. இவை பட்டை நெடுகப் பரவிக் கிடப்பதால் உண்மையான தாமதம் 40 பிகோ நொடியை ஒட்டி வரும். ஆனாலும் நீளம் 10 மடங்கானால் தாமதம் 100 மடங்காவது மாறாது.

இதை ஒவ்வொரு பட்டைக்கும் கையால் போட முடியாது. எக்ஸ்ட்ராக்‌ஷன் மென்பொருள் லேஅவுட்டை அளந்து நெட்லிஸ்ட், அதாவது சுற்றின் உறுப்புகளையும் இணைப்புகளையும் வரி வரியாகப் பட்டியலிடும் கோப்பு, எழுதித் தரும். 'ஆர்' என்று தொடங்கும் வரி மின்தடை, 'சி' என்று தொடங்குவது மின்தேக்கி. ஸ்கீமேட்டிக்கில் ஒரே பெயரோடு இருந்த இணைப்பு இங்கே பல துண்டுகளாக, ஒவ்வொன்றும் தனிக் கணுவாக இருக்கும். சிமுலேஷன் மெதுவாவது இதனால்தான்.

1980களில் பெர்க்லியில் எழுதப்பட்டு இன்றும் இலவசமாகக் கிடைக்கும் மேஜிக் என்ற லேஅவுட் மென்பொருளில் ஒரு கண்ணி உண்டு. வழக்கமான எக்ஸ்ட்ராக்‌ஷன் மின்தேக்கத்தை மட்டுமே எடுக்கும். பட்டைகளின் மின்தடைக்குத் தனிக் கட்டளை தர வேண்டும். தெரியாதவர், "லேஅவுட்டுக்குப் பிறகும் வேகம் குறையவில்லையே" என்று மகிழ்ந்துபோவார்.

பக்கத்துப் பட்டையோடு உள்ள மின்தேக்கம் இன்னும் வில்லங்கம். இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் மாறினால் அது இரண்டு மடங்காகத் தெரியும். ஒரே திசையில் மாறினால் கிட்டத்தட்ட காணாமல் போகும். கோப்பைச் சிறிதாக்க, அந்த மின்தேக்கியைப் பக்கத்துப் பட்டைக்குப் பதில் தரையோடு (கிரவுண்ட்) இணைத்துவிடுவது உண்டு. மின்செலவைக் கணக்கிட அது பெரும்பாலும் போதும். பக்கத்துப் பட்டையிலிருந்து வரும் இரைச்சலைப் பார்க்க உதவாது.

அப்புறம், முனை வரிசை. சிமுலேஷன் மென்பொருளான ஸ்பைஸ் முனைகளைப் பெயரால் அல்ல, வரிசையால்தான் பொருத்தும். எக்ஸ்ட்ராக்‌ஷன் கோப்பில் உள்ளீடும் வெளியீடும் இடம் மாறியிருந்தாலும் பிழைச் செய்தி வராது. இதில் எனக்கு ஒரு முழு மாலை போயிருக்கிறது: தட்டையாகக் கிடந்த வெளியீட்டைப் பார்த்துவிட்டுப் பாரசிட்டிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சிமுலேஷனை ஓட்டுமுன் ஸ்கீமேட்டிக்கிலிருந்தும் லேஅவுட்டிலிருந்தும் வந்த இரு கோப்புகளிலும் முனைகளை வரிசையாகச் சொல்லும் சப்சர்க்யூட் வரிகளை அருகருகே வைத்துப் பார்த்துவிடுகிறேன்.