கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறீர்களா? வாயால் சொன்னதைக் காகிதத்திலும் கொடுங்கள்

உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சுரங்கமோ அனல்மின் நிலையமோ துறைமுகமோ வரப்போகிறது என்றால், பெரும்பாலான திட்டங்களில் அனுமதிக்கு முன்னால் மக்களைக் கூப்பிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்தாக வேண்டும். அதிகாரிகள் மனமிரங்கிச் செய்கிற ஏற்பாடு இல்லை இது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சுருக்கமாக இஐஏ அறிவிக்கை, அப்படித்தான் சொல்கிறது. அதற்கு முன்பு 1994-இல் வந்த அறிவிக்கையிலும், 1997-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இது கட்டாயமாகத்தான் இருந்தது.

ஆனால் பலர் இதை வாக்கெடுப்பு மாதிரி நினைத்துக்கொண்டு போகிறார்கள், அங்கேதான் சிக்கலே. வந்த ஆயிரம் பேரும் கையை உயர்த்தி வேண்டாம் என்றாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-இல் 12 கிராம சபைகள் சுரங்கத்தை நிராகரித்து அது நின்றதே என்று கேட்பீர்கள். அது வன உரிமைச் சட்டத்தின் வழியே உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நடந்தது, பாதையே வேறு. இஐஏ கருத்துக்கேட்பில் நடப்பது பதிவு மட்டும்தான். அந்தப் பதிவை டெல்லியிலோ சென்னையிலோ இருக்கும் நிபுணர் குழு பிறகு வாசிக்கும். நீங்கள் தொண்டை கிழியக் கத்தியது அந்தக் குழுவுக்கு "பங்கேற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்ற ஒற்றை வரியாகப் போய்ச் சேரலாம். அதே ஆள் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த நான்கு பக்கத்துக்கும் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாத் திட்டங்களுக்கும் இந்தக் கூட்டம் உண்டா? இல்லை. திட்டங்களை அளவையும் பாதிப்பையும் வைத்து இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: 'ஏ' பிரிவுத் திட்டங்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பார்க்கிறது, 'பி' பிரிவை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் பார்க்கிறது. 'பி' பிரிவுக்குள் 'பி2', அதாவது இஐஏ அறிக்கையே தேவைப்படாத வகை, என்று போட்டுவிட்டால் கருத்துக்கேட்பு கிடையாது. கட்டடங்கள், கூடுதல் நிலம் எடுக்காத சாலை விரிவாக்கம், நாட்டின் பாதுகாப்பு தொடர்பானவை இவற்றுக்கும் விலக்கு உண்டு. எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்பதிலேயே பாதி அரசியல் முடிந்துவிடுகிறது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 'பி2'-வுக்குத் தள்ளினார்கள், டெல்டா கொதித்தது, அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று ஒரு அலுவலகக் குறிப்பாணை வந்தது. சட்டமன்றமும் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை, வெறும் குறிப்பாணை.

சரி, உங்கள் ஊர்த் திட்டத்துக்குக் கூட்டம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். பத்திரிகை எட்டாத இடம் என்றால் தண்டோரா போட்டாவது சொல்ல வேண்டும் என்றுகூட விதியில் இருக்கிறது. இந்த 30 நாளை 20 ஆக்க 2020-இல் புதிய இஐஏ அறிவிக்கைக்கான ஒரு வரைவு வந்தது. அதை 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, லட்சக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதினார்கள், வரைவு வரைவாகவே கிடக்கிறது.

அந்த 30 நாளில், திட்டத்தின் பாதிப்புகளை மதிப்பிட்டு நிறுவனம் தரும் வரைவு இஐஏ அறிக்கை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகங்கள், மாவட்டத் தொழில் மையம், மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள். "இன்னும் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாமல், இன்ன தேதியில் வந்தேன், அறிக்கை இல்லை என்று அங்கேயே ஒரு கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று போனால் அந்தச் சீல் பேசும்.

அறிக்கையைப் பார்த்ததும் மலைக்காதீர்கள். தமிழில் தரவேண்டும் என்று விதி சொல்வது சுருக்கத்தை மட்டும்தான், அது சில பக்கங்களில் முடிந்துவிடும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம் போகும். பாதிக்கப்படப் போகிறவருக்குப் புரியாத மொழியில் பாதிப்பை எழுதி வைப்பது அநியாயம்தான், ஆனால் இப்போதைக்கு விதி அப்படி. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஓரளவு பிடிபட்டுவிடும். முதலில் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரைபடத்தை எடுங்கள். உங்கள் ஏரி, ஓடை, சுடுகாட்டுப் பாதை, மேய்ச்சல் நிலம் அதில் இருக்கிறதா? அப்புறம் காற்று, தண்ணீர் மாதிரிகளை எந்த மாதங்களில் எடுத்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த மூன்று மாதம்தான் இருக்கும், ஆற்றில் வெள்ளம் வருவதே அந்த அறிக்கைக்குத் தெரிந்திருக்காது. தாவர, விலங்குப் பட்டியலை ஊர்ப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தது வெளியே வந்தது. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தாலோ மறைத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியைக்கூட ரத்து செய்யலாம் என்று அறிவிக்கையின் 8-ஆம் பத்தி சொல்கிறது, ஆகவே இப்படி ஒன்று கையில் சிக்கினால் அதை மனுவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

எழுதும்போது "எங்கள் வாழ்வாதாரம் அழியும்" என்று மட்டும் எழுதினால் "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும். அதையே, உதாரணத்துக்கு, இப்படி எழுதிப் பாருங்கள்: "வரைவு அறிக்கை பக்கம் 112-இல், 2 கி.மீ. சுற்றளவில் நீர்நிலை இல்லை என்று உள்ளது. எங்கள் ஏரி திட்ட எல்லையிலிருந்து 800 மீட்டரில் இருக்கிறது. கிராம வரைபட நகல் இணைத்துள்ளேன். ஏரியின் ஆயக்கட்டு நிலங்களுக்கு வரும் பாதிப்பை மதிப்பிட்டு அறிக்கையைத் திருத்த வேண்டும்." இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்வது கஷ்டம்.

கூட்டத்துக்கு ஆட்சியர் தலைமை வகிப்பார், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் பதவிக்குக் குறையாத ஒருவரை அனுப்புவார். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி உடன் இருப்பார். முதலில் நிறுவனத்தார் படம் போட்டுக் காட்டுவார்கள். அதன்பின் அங்கே வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்பு தர வேண்டும். "வெளியூர்க்காரங்க பேசக்கூடாது" என்று சிலர் தடுப்பார்கள். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் என்றுதான் விதியில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். நேரில் வர முடியாதவர்கள் வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம், அதற்கும் அதே மதிப்பு உண்டு. முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், பிற்பாடு அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டுக் கேட்கலாம், நகல் எடுக்கும் செலவு தனி.

புறக்கணிப்பு பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு அரசியல் ஆயுதம், தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது, பத்து பேர் உட்கார்ந்திருந்தாலும் நடந்ததாகத்தான் கணக்கு. ரகளையானால் இன்னும் மோசம்: மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் சூழல் அங்கே இல்லை என்று அறிக்கை போனால், கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்க அனுமதி தரும் அமைப்புக்கு அதிகாரம் இருக்கிறது. வெளிநடப்புச் செய்வதானாலும் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

கடைசிவரை இருங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. சாப்பாட்டு நேரம் தாண்டினால் பந்தல் காலியாகிவிடும், நாற்காலி அடுக்குகிற சத்தத்துக்கு நடுவே கூட்டக் குறிப்பை யாரோ முணுமுணுப்பார்கள். விதிப்படி அந்தச் சுருக்கத்தைக் கூட்டத்தின் முன் தமிழில் வாசித்துக்காட்டி, அன்றைக்கே ஆட்சியர் கையெழுத்திட வேண்டும். உங்கள் கருத்து விட்டுப்போயிருந்தால் அந்த நிமிடத்தில் எழுந்து சேர்க்கச் சொல்லலாம்.

இறுதி அறிக்கையில் நிறுவனம் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் எழுதி நிபுணர் குழுவுக்கு அனுப்பும். அந்தக் குழு ஆட்சேபங்களைப் பரிசீலித்து, ஏன் ஏற்றது, ஏன் தள்ளியது என்று காரணம் சொல்ல வேண்டும் என்று 2009-இல் கோவாச் சுரங்க வழக்கொன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள், அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது. அனுமதி கிடைத்ததை நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் ஆணை ஏறும், அதனால் கூட்டம் முடிந்துவிட்டதே என்று விட்டுவிடாமல் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.