‘மாவு வித்தா என்ன?’ என்ற எண்ணம் எப்படித் தொழிலாகிறது?

‘உங்க வீட்டு இட்லி மாவு நல்லா இருக்கே, வித்தா என்ன?’ என்று பக்கத்து வீட்டில் கேட்டதும் பலருக்கும் ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். அதில் சிலர்தான் பெரிய கிரைண்டர் என்ன விலை என்று விசாரிக்கக் கிளம்புகிறார்கள். பணம் ஒரு காரணம்தான். ஆனால் ஒரே அளவு சேமிப்புள்ள இருவரில் ஒருவர் கிளம்புவதும் மற்றவர் விட்டுவிடுவதும் ஏன்?

உளவியலாளர் ஐசெக் அய்சென் 1991-இல் விளக்கிய கோட்பாட்டின்படி, ஒரு செயலில் இறங்கும் எண்ணத்தை மூன்று கேள்விகள் உருவாக்குகின்றன. இது எனக்கு நல்லதா? எனக்கு வேண்டியவர்கள் என்ன சொல்வார்கள்? என்னால் முடியுமா?

2000-இல் தொழில்முனைவு ஆய்வாளர் நாரிஸ் க்ரூகரும் சகாக்களும் அமெரிக்காவில் வணிகவியல் மாணவர்களிடம் இதைச் சோதித்தபோது, இரண்டாவது கேள்விக்குப் பெரிய வலு தெரியவில்லை. இதை நம் வீடுகளுக்கு அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. பெண் பார்க்கும் இடத்தில் ‘பையனுக்கு என்ன வேலை?’ என்ற கேள்விக்குச் சம்பள வேலையைத்தான் பதிலாக எதிர்பார்க்கிறோம். அந்த ஒரு கேள்வியை நினைத்தே தொழில் யோசனையை மூட்டை கட்டி வைத்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை பிறவிக் குணம் அல்ல, அது சேர்த்துக்கொள்வது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார். தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் அதற்கு வலுவான ஊற்று. முதலில் நாலு வீட்டுக்கு மாவு கொடுத்து, புளிப்பு ஏறிய நாளில் திட்டும் வாங்கி, மறுபடியும் அதே வீடுகள் பாத்திரத்தோடு வந்து நின்றால், நாற்பது வீட்டுக்குக் கொடுக்கலாம் என்ற நினைப்பு தானாக வரும். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. பெரும் கோடீஸ்வரரின் கதையை விட, அதே தெருவில் தையல் கடை போட்ட அக்காவின் கதை அதிகம் வேலை செய்வது இதனால்தான். அவரைப் பார்க்கும்போது ‘இவங்களால முடியும்னா’ என்று தோன்றுகிறது. பிறர் தரும் ஊக்கமும் உதவும், ஆனால் சொந்த அனுபவத்தின் அளவுக்கு நிற்காது. படபடப்பும் கணக்கில் வரும்: கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது வயிறு கலங்கினால், மனம் அதை ‘நமக்கு இது சரிப்படாது’ என்று படித்துவிடுகிறது.

இலக்கு வைத்து முன்னேறும் மனநிலையைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று 1960-களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் பார்த்தார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் அந்த ஊர் வியாபாரிகளுக்கு ஹைதராபாதில் ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தார். ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். கதையின் நாயகன் ஓர் இலக்கு வைத்து, இடையூறுகளைக் கணக்கிட்டு முன்னேறுகிறானா என்று பார்ப்பார்கள். பிறகு அப்படி யோசிக்கவே பழக்குவார்கள். பயிற்சி பெறாதவர்களோடு பின்னர் ஒப்பிட்டபோது, பெற்றவர்கள் புது முயற்சிகளிலும் முதலீட்டிலும் அதிகம் இறங்கியிருந்தார்கள். ஆனால் அவர்கள் புதிதாகத் தொடங்கியவர்கள் அல்ல, ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, எண்ணம் வந்தாயிற்று. வேலையை விட்டு நீக்கியது, ஊர் மாறியது போன்ற ஒரு திருப்பம் வரும்வரை பலர் அதைச் செயலாக்குவதில்லை என்று தொழில்முனைவு ஆய்வாளர் ஆல்பர்ட் ஷாப்பிரோ 1982-இல் எழுதினார். திருப்பத்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் எண்ணம் செயலாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டிய விஷயம். ‘சீக்கிரம் ஆரம்பிக்கணும்’ என்பது வெறும் ஆசை. ‘திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விட்டதும், நேராக மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கடனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்பேன்’ என்பது கோல்விட்சர் சொல்லும் வகைத் திட்டம்.