ஜம்போ பை தூக்கும் வேலை: சட்டம் தரும் பாதுகாப்பும் உரிமைகளும்

உப்பு, சர்க்கரை, பிளாஸ்டிக் குருணை, கனிமப் பொடி, ரசாயனத் தூள் என்று பல சரக்குகள் இப்போது 50 கிலோ மூட்டையை விட்டுவிட்டு ஜம்போ பைக்கு மாறிவிட்டன. நெய்த பாலிபுரோப்பிலீன் துணி, மேலே தூக்கி மாட்ட நான்கு காது (பட்டை வளையம்), உள்ளே பெரும்பாலும் 1 டன் சரக்கு. சில பைகள் 500 கிலோ, சில 2 டன் வரை போகும். மூட்டை தவறினால் கால் நசுங்கும். ஜம்போ பை அறுந்து விழுந்தால் கீழே நிற்பவர் பிழைப்பது அரிது. அப்படியிருந்தும் இந்த வேலைக்கு கான்ட்ராக்டில் வரும் லோடுமேன்களுக்கும் ஹெல்பர்களுக்கும் சட்டத்தில் தங்களுக்கு என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எந்தச் சட்டம் பொருந்தும்?

இத்தனை காலமும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம்தான் அடிப்படை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாதுகாப்பு விஷயத்தில் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருப்பது, தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு, 2020. மாறும் காலத்தில் பழைய சட்டங்களின் உரிய பிரிவுகளும் விதிகளும் தொடரும் என்று அரசு சொல்லியிருக்கிறது. அதனால் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளை ஆய்வு செய்வது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

பழைய சட்டத்தின் 34ஆம் பிரிவு ஒரே வரியில் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்கிறது: காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு கனமான சுமையைத் தூக்கவோ, சுமக்கவோ, நகர்த்தவோ யாரையும் வைக்கக் கூடாது. "நகர்த்தவோ" என்பதையும் கவனியுங்கள். சாய்ந்து நிற்கும் 1 டன் பையை நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளி நிமிர்த்தச் சொல்வதும் இதற்குள் வரும்.

29ஆம் பிரிவு தூக்கும் கருவிகளுக்கானது. கிரேன், வின்ச், செயின் பிளாக் மட்டுமல்ல, அவற்றில் மாட்டும் ஸ்லிங் (சுமையைச் சுற்றிக் கட்டும் கயிறு, சங்கிலி), ஹூக், ஷாக்கிள் (இணைக்கும் இரும்பு வளையம்), கிளாம்ப் எல்லாமே இதில் அடங்கும். தகுதி பெற்ற நபர் இவற்றை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். தாங்கும் எடை எவ்வளவு என்று கருவியின் மேலேயே தெளிவாகக் குறித்திருக்க வேண்டும். குறிக்க முடியாத இடத்தில் பட்டியலாக எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். சோதனைக்காகத் தவிர வேறு எதற்காகவும் அந்த எடையைத் தாண்டக் கூடாது. "ஒரே ஒரு தடவைதானே" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பையின் மேல் உள்ள லேபிள்

இங்கேதான் ஒரு ஓட்டை இருக்கிறது. 29ஆம் பிரிவு பெயர் சொல்லும் பொருள்களில் ஜம்போ பை இல்லை. ஹூக்குக்கு வருடாந்திரச் சோதனை உண்டு, அந்த ஹூக்கில் தொங்கும் பையின் காதுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆனால் அந்தக் காதும் அறுந்துபோகக் கூடியதுதான். ஆகவே பையின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைப் படிக்காமல் தூக்கக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். வேலைக்கு எடுத்த முதல் நாளே மேஸ்திரி இதைச் சொல்லித்தர வேண்டும்.

லேபிளில் முக்கியமாக இரண்டு எண்கள். ஒன்று, எத்தனை கிலோ வரை பாதுகாப்பாகத் தூக்கலாம் என்பது. மற்றது 5:1 அல்லது 6:1 என்ற விகிதம். 5:1 என்றால் ஒரு முறை நிரப்பி, ஒரு முறை காலி செய்து, அத்தோடு ஒதுக்க வேண்டிய பை. 6:1 என்றால் திரும்பப் பயன்படுத்தும் வகையில் செய்தது. சோதனையில் 5:1 வகையின் மாதிரிப் பையை, குறித்த எடையைப்போல் இரண்டு மடங்கில் 30 தடவை இழுத்துப் பார்த்த பிறகு ஐந்து மடங்கைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். 6:1 வகைக்கு நான்கு மடங்கில் 70 தடவை, பிறகு ஆறு மடங்கு. இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் உழைப்பில் எவ்வளவு வித்தியாசம் என்பது இதிலேயே புரியும்.

1 டன் பைக்குள் 5 டன் போடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வெயிலில் நூல் இற்றுப்போவது, தூக்கும்போது விழும் வெட்டு இழுப்பு, தையலில் கண்ணுக்குத் தெரியாத குறை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கத்தான் அந்தக் கூடுதல் பலம். 5:1 பையைப் பழைய பை வியாபாரியிடம் வாங்கி இரண்டாவது, மூன்றாவது முறை நிரப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தக் கூடுதல் பலத்தைத் தின்றுவிடுவது இந்த வழக்கம்தான். லேபிள் கிழிந்துபோன பையையும், காதில் முடிச்சுப் போட்ட பையையும் தூக்கவே கூடாது.

தூக்கும்போது நான்கு காதும் மாட்டியிருக்க வேண்டும், செங்குத்தாக நிற்க வேண்டும். நான்கையும் இழுத்து ஒரே ஹூக்கில் சேர்த்தால் காது சாய்ந்து, தையல் ஒரு பக்கமாகப் பிய்யும். ஃபோர்க்லிஃப்ட்டில் எடுத்தால் ஃபோர்க்கின் விளிம்பு கூராக இருக்கக் கூடாது. இரண்டு ஃபோர்க்குக்கும் நடுவே உள்ள அகலம் காதுகளின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும், மாஸ்ட் (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் முன்தூண்) முன்பக்கம் சாயக் கூடாது. 3 டன் வண்டி என்றால், வழக்கமாகச் சரக்கின் மையம் ஃபோர்க் மாஸ்டோடு சேரும் இடத்திலிருந்து 500 மி.மீ. தள்ளி இருக்கும்போது மட்டுமே 3 டன். பையை ஃபோர்க்கின் நுனியில் தொங்கவிட்டால் அந்தக் கணக்கு குறைந்துவிடும். ஆடும் பையைக் கையால் பிடித்து நிறுத்தாதீர்கள், கயிறு கட்டித் தள்ளி நின்று பிடியுங்கள். தொங்கும் பையின் அடிவாயை அவிழ்க்க அதன் கீழே போய் நிற்பது இந்த வேலையிலேயே மிக மோசமான பழக்கம்.

தீப்பற்றும் தூளோ ஆவியோ உள்ள இடமென்றால் இன்னொன்றையும் பாருங்கள். பையில் சேரும் நிலைமின்சாரம் தீப்பொறியாகலாம் என்பதால், பையில் ஏ, பி, சி, டி என்று வகை இருக்கும். சி வகைப் பையை நிரப்பும்போதும் கொட்டும்போதும் எர்த் கம்பி மாட்டியே ஆக வேண்டும்.

ஆபத்து என்று தோன்றினால்

புதிய தொகுப்பில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது 14ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் உடனடி ஆபத்தைப் பற்றி எச்சரிக்கும் உரிமை, அபாயகரமான செய்முறை உள்ள ஆலைகளின் தொழிலாளர்களுக்கு மட்டும் என்றிருந்தது. இப்போது தொகுப்புக்கு உட்பட்ட நிறுவனங்களில் வேலை செய்யும் எல்லோருக்கும் அது உண்டு. பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் இதில் வரும். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், நேரடியாகவோ பாதுகாப்புக் குழு மூலமாகவோ முதலாளியிடம் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். முதலாளி ஏற்றுக்கொண்டால் உடனே சரிசெய்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஏற்காவிட்டால் விஷயத்தை அவரே ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும், ஆய்வாளர் சொல்வதே முடிவு.

வேலையைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று இந்தப் பிரிவு நேரடியாகச் சொல்லவில்லை. தெரிவிக்கும் உரிமையைத்தான் தருகிறது. அதனால் வாய்வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். கிழிந்த காதையும் லேபிளையும் போனில் படம் எடுத்து, தேதியோடு எழுதி அனுப்புங்கள். ஹூக், ஸ்லிங் சோதனை எப்போது நடந்தது என்று கேட்பதும் உங்கள் உரிமைக்குள் வருகிறது. பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.

இந்தத் தொகுப்பு சொல்லும் கடமையைச் செய்ய வேண்டியவர் அதில் தவறியதால் ஒருவர் இறந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயம் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 முதல் 4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

அடிபட்டால்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்து, இடமும் இ.எஸ்.ஐ.யின் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) கீழ் வந்தால், சிகிச்சையோடு, வேலை செய்ய முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு. கான்ட்ராக்ட் ஆள் என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது, சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளியை (கான்ட்ராக்டரை அமர்த்திய நிறுவனத்தை) சேரும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று இப்போதே பாருங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாத சிறிய குடோன் என்றால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும். அதற்கான மனுவை 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், மருத்துவமனைச் சீட்டில் "வேலையிடத்தில் பை விழுந்து" என்று காரணத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. நிரந்தர முதலாளி என்று யாருமே இல்லாமல் லாரிக்கு லாரி சுமை ஏற்றி இறக்குகிறவர்கள், 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால், தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் ஆகியவை அந்தப் பதிவின் மூலம் கிடைக்கும். புதுப்பிக்க வேண்டிய தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.