கீமோ அசதி: தூங்கி எழுந்தாலும் ஏன் போவதில்லை?

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு ஆரணிக்கும் குடியாத்தத்துக்கும் பஸ் ஏறிப் போகிறவர்கள், அடுத்த முறை வரும்போது வாந்தியைச் சொல்வார்கள், முடி கொட்டுவதைச் சொல்வார்கள். அசதியைச் சொல்ல மாட்டார்கள். கூட வரும் மகள்தான் சொல்வாள்: "புடவை கட்டி முடிக்கிறதுக்குள்ள அம்மா ரெண்டு தடவ உக்காந்துடறாங்க டாக்டர்." அம்மா உடனே, "வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்பார்.

சில வீடுகளில் இதைச் சோம்பல் என்றே சொல்லிவிடுகிறார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களும் அப்படிப் பெருகுபவைதான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், அதிலிருந்து உடம்புக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் பெரும்பாலும் ஒரேயடியாக விழாமல் சுற்றுக்குச் சுற்று இறங்கும். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதித்தால், அங்கே சுரந்து சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனும் குறையும். பீட்ரூட், மாதுளை, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மஜ்ஜையே அடிபட்டிருக்கும்போது அவை மட்டும் ரத்தத்தை ஏற்றிவிடாது.

ஹீமோகுளோபின் 12 என்று நன்றாகவே இருந்தும் எழ முடியாதவர்கள் உண்டு. புற்றுநோயும் சிகிச்சையும் சேர்ந்து இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் புரதங்களை, அதிகமாகச் சுரக்கச் செய்யலாம். காய்ச்சலில் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆவதும் இவற்றால்தான். இவை மூளைவரை எட்டி, உற்சாகத்தையும் பசியையும் தூக்கத்தையும் கலைக்கின்றன. டாக்ஸோரூபிசின் போன்ற சில கீமோ மருந்துகள், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையே சேதப்படுத்தும். வாந்தி வராமலிருக்கத் தரும் டெக்ஸாமெதசோன் முதல் இரண்டு மூன்று நாள் தெம்பாக வைத்திருக்கும், இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். அதை நிறுத்தியதும் பலர் சட்டென்று சோர்ந்துவிடுவார்கள்.

ஓய்வு வேண்டியதுதான். ஆனால் நாள் முழுக்கப் படுக்கை என்றால் தசை கரைந்து அசதி இன்னும் கூடும். அளவான நடை இதைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வேலூர்க் கோட்டையைச் சுற்றி வரத் தேவையில்லை; வாசலிலிருந்து தெருமுனை வரை போய் வந்தாலே நல்ல ஆரம்பம். நம்ம ஊர் வெயிலுக்கு விடிகாலைதான் சரி. எலும்பில் நோய் பரவியிருந்தாலோ ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டு நடங்கள்.

அசதிக்கு 0 (அசதியே இல்லை) முதல் 10 (மிக மோசம்) வரை நீங்களே மார்க் போடுங்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தக்குறைவு, தைராய்டு, நீர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு எதுவாக இருந்தாலும் சிகிச்சை உண்டு. அசதியோடு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.